குளத்துப் பக்கம் திருப்பிய கோளாம்பி

சபைக்குள்ளே என் மனைவியை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே அயனி மரத்தடியில் உட்கார்ந்து நான் மரச்சீனிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு எதிரே, அதே சாக்கு விரிப்பில், எங்கள் போதகரின் மனைவி ஷைனி. என் மகள் வயதுதான் இருக்கும். அந்தப் பிள்ளையின் கணவரையும் அதே கூட்டத்தில், அதே நேரத்தில்தான் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

போதகர் மேல் புகார் கொடுத்தவள் என் மனைவி ரோஸ்லெட். ரோஸ்லெட் மேல் புகார் கொடுத்தவர்கள் போதகர் பக்கத்து ஆட்கள். ஆக, இரண்டு கட்சியின் வீட்டாரும் ஒரே வாளித் தண்ணீரில் கிழங்கை அலசிக்கொண்டிருந்தோம். கூட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் கிழங்கும் மீன்கறியும் என்று ஏற்பாடு. வழக்கு வழக்காக இருக்கட்டும், வயிறு கேட்குமா?

"அண்ணே, கத்தி கையில கொண்டுராம பாத்துக்கிடுங்க" என்றாள் ஷைனி. அவள் விரலில்தான் ஏற்கெனவே ஒரு கீறல் இருந்தது.

உள்ளே யாரோ சத்தமாக ஏதோ சொன்னார்கள். ஜன்னல்களைச் சாத்தியிருந்ததால் ஒன்றும் புரியவில்லை. மரத்துக்கு மேலே ஒரு காகம் மட்டும் எல்லாம் தெரிந்ததுபோலக் கத்திக்கொண்டிருந்தது.

எங்களுக்கு பிஷப் யார்?

சென்ற இதழில் எங்கள் பாடகர் குழுவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு மதுரை வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "உங்கள் சபைக்கு பிஷப் யார்? மேலிடம் எங்கே இருக்கிறது?"

ஐயா, எங்களுக்கு மேலிடம் என்றால் வானம்தான். இடையில் யாரும் கிடையாது.

எங்கள் முன்னோர் மிஷன் சபையில் இருந்தவர்கள். ஏதோ ஒரு தலைமுறையில் கோபித்துக்கொண்டு வெளியே வந்து, ஓலைக் கொட்டகை போட்டுத் தனியாகக் கும்பிட ஆரம்பித்தார்கள். என்ன கோபம் என்று கேட்டால் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கதை சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் மூன்று விசுவாசிகள் இருந்தால் இரண்டு சபையாவது இருக்கும். தக்கலையில் பஸ் ஏறி நாகர்கோவில் போய்ச் சேர்வதற்குள் போர்டுகளைப் படித்தே வாய் வலித்துவிடும்.

ஆனால் பிரிந்து வந்தவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். இனி நம்மை நாமே ஆள வேண்டும் என்று உட்கார்ந்து ஒழுங்குகளை எழுதினார்கள். போதகரைச் சபைதான் அழைக்கும். கமிட்டியைச் சபைதான் தேர்ந்தெடுக்கும். ஞானஸ்நானம் பெற்ற யாருக்கும், வீட்டு வேலை செய்கிறவளானாலும் ரப்பர் எஸ்டேட் வைத்திருப்பவரானாலும், ஒரு கைதான் வாக்கு. ஒருவர் மேல் குறை இருந்தால் முதலில் அவரிடம் தனியே போய்ச் சொல்ல வேண்டும். கேட்கவில்லையென்றால் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கும் கேட்கவில்லையென்றால்தான் சபைக்குக் கொண்டுவரலாம். வேதத்தில் உள்ள வழிதான். நாங்கள் இதை 'மூன்று படி' என்போம்.

சபை விசாரிக்கும்போது சம்பந்தப்பட்டவரின் வீட்டார் உள்ளே இருக்கக் கூடாது. அயனி மரத்தடிக்குப் போய்விட வேண்டும். எங்கள் ஊரில் மரத்தடியை மூடு என்பதால் அதற்கு 'அயனிமூட்டுக்குப் போறது' என்று பெயர். மணி அடித்து உள்ளே கூப்பிட்ட பிறகும், யார் என்ன பேசினார்கள் என்று கேட்கக் கூடாது. அவரவர் பேசியதை அவரவர் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். இல்லாவிட்டால் ஒரே ஊரில் காலம் முழுக்க முகம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

நான் சபைச் செயலர். மற்றவர்களை எத்தனையோ தடவை அயனிமூட்டுக்கு அனுப்பியவன். அன்று என்னை அனுப்பினார்கள்.

குடை நனைகிறது

என் அப்பாவும் ஒருமுறை இந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். அது என் அத்தையின் வழக்கு.

அத்தையும் அவளுடைய நாத்தனாரும் ஏதோ ஒரு கல்யாண வீட்டில் மனம் கசந்து பேச்சை நிறுத்திவிட்டார்கள். வருடக்கணக்காகப் பேச்சில்லை. ஆனால் இருவரும் பாடகர் குழுவில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள். சுதி கொஞ்சம்கூட விலகாது. சபை கூடி, 'நீங்கள் இருவரும் பேசுகிறவரை திருவிருந்து அப்பமும் ரசமும் கிடையாது' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

இரண்டு பேரும் அசைவதாக இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. ஆலய வாசலில் அத்தை நின்றுகொண்டு, யாரையும் பார்க்காமல், "அந்தக் குடை நனையுது, எடுத்து உள்ள வச்சா என்னவாம்?" என்றாள். நாத்தனார் எடுத்து உள்ளே வைத்தாள்.

அது பேச்சா இல்லையா என்று கமிட்டி அங்கேயே நின்று ஆலோசித்தது. பேச்சுதான் என்று முடிவாயிற்று. அன்றைக்கே இருவருக்கும் திருவிருந்து கொடுத்தார்கள். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் கடைசியில், "எங்க சபை ஆள நிக்க வைக்கும், வெரட்டாது" என்பார். அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். வெளியூர் நண்பர்களிடமெல்லாம் எங்கள் சபையைப் பற்றிப் பெருமையடித்தே தலை நரைத்தவன்.

கூட்டுக்காரி

இப்போது என் வீட்டு வழக்குக்கு வருகிறேன்.

ரோஸ்லெட் கிராம நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். சபையை ஒட்டிய குளத்துக்கு அக்கரையில் இருக்கும் உமையம்மை, அங்கன்வாடியில் வேலை பார்த்தவள். நாஞ்சில் நாட்டு சைவ வேளாளர் குடும்பம், வாசலில் நெல் காயாத நாள் கிடையாது. சொட்டு மருந்து கொடுக்க இரண்டு பேரும் சேர்ந்து வீடு வீடாக நடந்து, அப்படியே உயிர்த் தோழிகள், எங்கள் பேச்சில் கூட்டுக்காரிகள், ஆகிவிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் சாயங்காலமானால் குளத்தங்கரையில் இருவரும் நடப்பார்கள். என்னிடம் பேசுவதைவிட உமையம்மையிடம்தான் என் மனைவி அதிகம் பேசியிருப்பாள். எனக்கு அதில் வருத்தமில்லை, காதுக்கு ஓய்வு கிடைத்ததே.

உமையம்மைக்கு மூட்டில் ஆபரேஷன் ஆயிற்று. நல்லபடியாக நடந்தால் மண்டைக்காட்டுக்கு நடந்து வருவதாக அம்மனுக்கு நேர்ச்சை. மகனும் மருமகளும் மஸ்கட்டில். மாசிக் கொடைத் திருவிழா வந்தபோது கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆளில்லை.

ரோஸ்லெட் போனாள். ஆபரேஷன் ஆன மூட்டு என்பதால் பாதி வழிவரை பஸ்ஸிலும் மீதி தூரம் கால்நடையாகவும், இருமுடி சுமந்த கூட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். உமையம்மை கும்பிட்டு வரும்வரை வெளியே செருப்புக்குக் காவல் நின்றாள். வரும் வழியில் உமையம்மை கொடுத்த மண்டையப்பத்தைத் தின்றாள். தலைவலி தீர வேண்டி அம்மனுக்குப் படைக்கிற இனிப்பு அப்பம் அது. அப்பமும் கையுமாக நின்ற ரோஸ்லெட்டை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டுவிட்டார்கள்.

அடுத்த வாரம் எங்கள் சபையில் கன்வென்ஷன். போலீஸ் அனுமதி வாங்கி, வெளியே நாலு பக்கமும் கோளாம்பி என்கிற குழாய் ஒலிபெருக்கியைக் கட்டியிருந்தோம். மற்ற நாட்களில் உள்ளே இருக்கிற சிறிய ஸ்பீக்கர் மட்டும்தான். கோளாம்பியைக் கட்டினால் அக்கரை வயல்வரை கேட்கும்.

போதகர் நல்லவர். வயது குறைவு, குரல் வளம் அதிகம். ஆஸ்பத்திரியில் யார் கிடந்தாலும் முதலில் போய் நிற்பவர். ஆனால் மைக்கைப் பிடித்தால் நிறுத்தத் தெரியாது. அன்று சாயங்காலப் பிரசங்கத்தில் சொன்னார்: "சிலபேரு ஞாயிறு பள்ளியில பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்குடுப்பாங்க. மாசி மாசம் வந்தா அந்தக் கையால அப்பம் வாங்கித் தின்பாங்க. யாருக்க கூட்டு பிடிச்சு எங்க போறோம்ங்கிறத யோசிக்கணும்!"

ஞாயிறு பள்ளியின் தலைமை ஆசிரியை ரோஸ்லெட். பந்தலில் இருந்த எல்லா முகங்களும் திரும்பின. எங்கள் பக்கத்துச் சபைகளில் இதற்குப் பெயரே உண்டு, 'பிரசங்கத்துல குத்துறது'. பெயரைச் சொல்ல மாட்டார்கள். விலாசத்தை மட்டும் சொல்லிவிடுவார்கள்.

ரோஸ்லெட் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிரசங்கம் முடிந்து பாட்டுப் பாடும்போது அவளும் பாடினாள்.

மூன்று படி

எனக்கு ரத்தம் கொதித்தது. வீட்டுக்கு வந்ததும், "இப்பமே போய் ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வாறேன்" என்று சட்டையை மாட்டினேன்.

"நீங்க சும்மா இரிங்க" என்றாள் ரோஸ்லெட். "அவரு படி ஏறாம குதிச்சிட்டாருன்னு சொல்லிக்கிட்டு நானும் குதிக்கவா? நான் முதப் படியில இருந்து ஏறுவேன்."

மறுநாள் தனியாகப் போய்ப் போதகரைப் பார்த்தாள். "நான் யாருக்க பேரையும் சொல்லல்லியே அக்கா" என்றாராம். சில நாள் கழித்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனாள். "அது நான் பேசினதில்ல, ஆவியானவர் பேச வச்சது" என்றாராம். அதற்கு யார் பதில் சொல்ல முடியும்? மூன்றாவது படியாக சபைக்கு எழுதிக் கொடுத்தாள். அதே வாரம் போதகர் பக்கத்தார், ரோஸ்லெட் கொடைக்குப் போனதை விசாரிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

குற்றம் என்று தீர்ந்தால் ரோஸ்லெட்டுக்கு ஒரு வருடம் திருவிருந்து கிடையாது. ஞாயிறு பள்ளியையும் விட்டுவிட வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்காமல் அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்து நான் பார்த்ததில்லை.

அதைவிடப் பெரிய இழப்பு ஏற்கெனவே நடந்துவிட்டிருந்தது. கன்வென்ஷனுக்குப் பிறகு உமையம்மை குளத்தங்கரைக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. கோளாம்பி அவள் வீட்டு முற்றம்வரை கேட்டிருக்கிறது. 'என்னால ரோசுக்கு வழக்கு வந்துட்டே, இனி அவ இஞ்ச வராண்டாம்' என்று பால்காரரிடம் சொல்லி அனுப்பிவிட்டாள். சாயங்காலமானால் ரோஸ்லெட் வாசல்வரை வந்து நின்றுவிட்டு உள்ளே போய்விடுவாள். அவளைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

ஒரே வாளித் தண்ணீர்

திரும்பவும் அயனிமூடு.

உள்ளே திடீரென்று ஒரே சிரிப்பு. ஷைனி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். விசாரணையில் சிரிப்பு எதற்கு என்று எனக்கும் விளங்கவில்லை. பிறகு வீட்டுக்கு வந்ததும் ரோஸ்லெட் தன் பங்கை மட்டும் சொன்னாள். மண்டையப்பம் தின்றாயா என்று கேட்டிருக்கிறார்கள்.

"தின்னேன். ரெண்டு தின்னேன். நல்ல ருசி" என்றிருக்கிறாள்.

தலைவலி போயிற்றா என்று ஒரு கேள்வி வந்திருக்கிறது. "அன்னைக்குப் போச்சு. இந்தக் கூட்டத்துக்கு வந்த பொறவு திரும்ப வந்துட்டு" என்றிருக்கிறாள். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

பிறகு சொன்னாளாம்: "நான் கும்பிடப் போகல்ல. கூட்டுக்காரிக்க கையப் பிடிக்கப் போனேன். எனக்க விசுவாசம் ஒரு அப்பத்துல கரஞ்சு போறதுன்னா, அது இருந்துதான் என்ன?"

இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. ஷைனி கிழங்கைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, எங்கள இஞ்ச இருந்து போகச் சொல்லிருவாங்களா? பிள்ளைக்கு இப்பம்தான் ஸ்கூல்ல சேத்துருக்கு."

போதகர் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சமல்ல. ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கோபப்பட என்னால் முடியவில்லை. என் அப்பா சொல்வதைத்தான் சொன்னேன்.

"வெப்ராளப்படாத மக்கா. எங்க சபை ஆள நிக்க வைக்கும். வெரட்டாது."

சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். இத்தனை காலம் நான் பெருமையடித்த சபை, என் வீட்டு வழக்கில் எப்படி நடந்துகொள்ளும்? போதகரின் முகத்துக்காக ரோஸ்லெட்டைத் தண்டித்துவிட்டால் இனி எந்த வாயால் பேசுவேன்? என் முகத்துக்காக போதகரைத் துரத்திவிட்டாலும் அதே கேள்விதான்.

மணி அடித்தது.

என்ன வேணும்?

எங்களைக் கூட்டிப்போக, கமிட்டியில் மூத்தவரான செல்லையன் சாரே வெளியே வந்தார். போதகர் மேல் புகார் என்பதால் அன்று தலைமை அவர்தான். உயர்நிலைப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். விசில் இல்லாமலே ஊரை நிறுத்தும் குரல். எங்கள் இருவரையும் முன்வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுத் தீர்ப்பைச் சொன்னார்.

ரோஸ்லெட் கூட்டுக்காரிக்குத் துணை போனதில் சபை குற்றம் காணவில்லை. அப்பம் தின்றது அவளுடைய மனச்சாட்சிக்கு விடப்படுகிறது. ஞாயிறு பள்ளி அவளிடமே இருக்கும். போதகர் முதல் படியையும் இரண்டாம் படியையும் விட்டுவிட்டு பிரசங்கபீடத்திலிருந்து பேசியது தவறு. அதே பீடத்தில் நின்று அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

போதகர் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தார். ஷைனி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல இருந்தது. ஆராதனை இடத்தில் அது வழக்கமில்லை.

தீர்ப்புக்குப் பிறகு, காயப்பட்டவரிடம் சபை ஒரு கேள்வி கேட்கும். அது எல்லார் முன்னிலையிலும் நடப்பது, ரகசியமில்லை.

"ரோஸ்லெட், இனி ஒனக்கு என்ன வேணும்?"

ரோஸ்லெட் எழுந்தாள். "எனக்கு ஒண்ணும் வேண்டாம் சார். நீங்க எல்லாரும் என்னெத் தெரிஞ்சவங்க. பிரசங்கம் முடிஞ்ச பொறவும் எனக்க கூடத்தான் இருந்திய." அதுவரை உடையாமல் இருந்த குரல் அப்போதுதான் உடைந்தது. "அக்கரையில ஒருத்தி இருக்கா சார். எனக்கு வந்த வழக்க அவளுக்க குத்தமா நெனச்சு கதவச் சாத்திக்கிட்டு இருக்கா. இஞ்ச நாலு சொவருக்குள்ள மன்னிப்பு கேட்டா அவளுக்கு எப்பிடிக் கேக்கும்? அவளுக்குக் கேக்கணும்."

பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "அவங்க நம்ம சபை இல்லியே. வெளிய உள்ளவங்களுக்காக சபை எப்பிடித் தீர்மானம் போட முடியும்?" என்றார். நியாயமான கேள்விதான். ஒழுங்குகளில் அப்படி ஒன்று கிடையாது.

செல்லையன் சார் கண்ணாடியைக் கழற்றினார். "குத்தம் கோளாம்பியிலதான போச்சு? மன்னிப்பும் கோளாம்பியிலதான் போகணும். அது எம்புட்டுத் தூரம் போச்சோ இதும் அம்புட்டுத் தூரம் போகட்டும். சம்மதிக்கிறவங்க கையத் தூக்குங்க."

கைகள் உயர்ந்தன. கேள்வி கேட்டவருடைய கையும் உயர்ந்தது. போதகருடைய கையும் உயர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

செயலர் என்ற முறையில் அந்தத் தீர்மானத்தை எழுதியது நான்தான்: 'வரும் ஞாயிறு ஒரு கோளாம்பி கட்ட வேண்டியது. அதைக் குளத்துப் பக்கம் திருப்பி வைக்க வேண்டியது.' உலகத்தில் வேறு எந்தச் சபையாவது இப்படி ஒரு தீர்மானம் போட்டிருந்தால் எனக்குத் தெரிவிக்கவும்.

அன்று கிழங்கு நன்றாக வெந்திருந்தது. தோலுரித்தவன் சொல்கிறேன்.

ஞாயிறு

அனுமதி கேட்டு ஸ்டேஷனுக்குப் போனபோது எழுத்தர் கேட்டார், "என்ன நிகழ்ச்சி?"

"மன்னிப்பு" என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, 'சிறப்பு ஆராதனை' என்று எழுதி அனுமதித்தார்.

அயனி மரத்திலேயே கோளாம்பியைக் கட்டினோம். குளத்தில் தாமரை இலைகளுக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அக்கரையில் உமையம்மை வீட்டு ஓடு தெரிந்தது. கதவு சாத்தியிருந்ததா திறந்திருந்ததா என்று இங்கிருந்து தெரியவில்லை.

போதகர் பீடத்தில் ஏறினார். கையில் காகிதம் எதுவும் இல்லை.

"கன்வென்ஷன்ல இந்த மைக்குல நான் பேசினது தப்பு. ரோஸ்லெட் அக்காகிட்ட நேர்ல போய்க் கேட்டிருக்கணும், கேக்கல்ல. அக்கா என்னெ மன்னிக்கணும்." அத்தோடு நிறுத்தலாம், தீர்மானம் அவ்வளவுதான். அவர் நிறுத்தவில்லை. நிறுத்தத் தெரியாத அந்தக் குணத்துக்காக அன்று மட்டும் நான் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். "அக்கரையில இருக்கிற உமையம்மை அம்மா... ஒங்களப் பத்தியும் நான் அன்னைக்குப் பேசிட்டேன். வயசான ஒரு தாய்க்குக் கைபிடிச்சுப் போனத நான் பாவம்னு சொல்லிட்டேன். நீங்களும் என்னெ மன்னிக்கணும்மா." கடைசி வார்த்தையில் தொண்டை இடறியது.

அப்போது ஒரு போன் அடித்தது. ஆராதனை நேரத்தில் போனை அணைத்து வைக்க வேண்டும் என்பதும் எங்கள் ஒழுங்குகளில் ஒன்று. அடித்தது ரோஸ்லெட்டின் போன். அவள் அதை அணைக்கவே இல்லை.

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். செல்லையன் சார், "எடு மக்ளே, எடு" என்றார். ரோஸ்லெட் அவசரத்தில் எதையோ அமுக்க, பேச்சு எல்லாருக்கும் கேட்டது.

"ஏட்டி ரோசு, கேட்டுதுட்டீ. நல்ல தெளிவாட்டுக் கேட்டுது." மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "அந்தப் பிள்ளைக்கு தொண்டை இடறுது பாரு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு சுக்குக்காப்பி போட்டுக் குடு. சாயங்காலம் குளத்தங்கரைக்கு வருவியா?"

ரோஸ்லெட் தலையை மட்டும் ஆட்டினாள். போனில் தலையாட்டினால் தெரியாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அன்றைய நடவடிக்கைக் குறிப்பை சாயங்காலம் எழுத உட்கார்ந்தேன். ரோஸ்லெட் வீட்டில் இல்லை. தீர்மானம் நிறைவேறியது என்று எழுதி முடித்துவிடுவதுதான் வழக்கம். எழுதினேன். பேனாவை மூட மனம் வரவில்லை. கீழே இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்தேன்.

'அக்கரையில் கேட்டது.'